கடைசிக் கோடு வரை போய்த் திரும்பி வந்த கதை

கபடி ஆடுகிறவனுக்குப் போவது பாதி வேலைதான். மீதிப் பாதி, திரும்பி வருவது. எதிராளியின் எல்லைக்குள் போய் நாலு பேரைத் தொட்டாலும், திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொட்டால்தான் புள்ளி. வழியில் பிடித்துவிட்டார்களா, கவலையில்லை. அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு வந்து விரல் நுனியால் கோட்டைத் தொட்டுவிட்டால், பிடித்தவன் எல்லாம் அவுட். சின்ன வயதிலிருந்து இதையே செய்துகொண்டிருந்தால் அது மூளையில் தங்காது, முதுகெலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதுகெலும்புக்குக் காது கிடையாது. இதை நான் தெரிந்துகொண்ட விதத்தை காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் நேரில் பார்த்தார்கள். பார்க்காதவர்களுக்கு அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

என்னை ரக்பி செவன்ஸுக்கு இழுத்துப் போனவர் ஸ்ரீபால் அண்ணன். திருப்பருத்திக்குன்றத்து நயினார் வீட்டுப் பிள்ளை, சமணர். சென்னையில் காலேஜ் படித்தபோது செவன்ஸ் ஆடியவர். எறும்பு ஓடினால் காலை மாற்றி வைத்து நடப்பார். பொழுது சாய்ந்தால் வாயில் ஒன்றும் போட மாட்டார். அப்படிப்பட்டவர்தான், ஓடி வருகிறவனை இடுப்போடு கட்டி எப்படித் தரையில் சாய்ப்பது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். (சாய்த்த பிறகு "அடி பட்டுச்சாப்பா?" என்று கேட்பதும் பாடத்தில் உண்டு.)

"பதினைஞ்சு பேர் ஆடுற ரக்பி நம்ம ஊருக்கு ஆவாதுப்பா. செவன்ஸுக்கு ஏழே பேரு, ஒரு பாதிக்கு ஏழே நிமிஷம்" என்றார். "கபடிக்கும் ஏழு பேருதான? உங்களுக்குப் புடிக்கத் தெரியும், புடிச்சா உதறத் தெரியும். பந்து ஒண்ணுதான் புதுசு. ஒலிம்பிக்ஸ்லயே சேர்த்துட்டாங்க. பாரு, இன்னும் கொஞ்ச வருஷத்துல ஊருக்கு ஊரு செவன்ஸ் நடக்கும். அதுல காஞ்சிபுரம் மொதல்ல இருக்கணும்."

ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் பயிற்சி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்குப் போடுவதானால் பின்பக்கமாகத்தான் போட வேண்டும் என்றதும் பாபு நின்றுவிட்டான். பாபு தெலுங்கு பேசும் தறிக்காரர் வீட்டுப் பையன், எங்கள் டீமில் கேள்வி கேட்பதற்கென்றே இருந்தவன்.

"முன்னால போறதுக்குப் பின்னால போடணுமா? இன்னாண்ணா கேம் இது, எங்க சித்தப்பா வண்டி ஓட்டுற மாதிரி இருக்குது."

"போவப் போவ பழகிடும்பா" என்றார் ஸ்ரீபால் அண்ணன். எல்லாம் பழகியது. எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அதற்குப் பேர் ட்ரை, அதற்கு ஐந்து புள்ளி என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். பழையதை எப்படி மறப்பது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

போட்டி நடத்த ஒரு பட்டுக்கடை முதலாளியைப் பிடித்தார் அண்ணன். முதலாளி நல்லவர், ஆனால் வியாபாரி. "பந்தல், சாப்பாடு, கப்பு எல்லாம் என் செலவு. ஆனா நம்ம ஊரு டீமு ஒரு மேட்சாவது ஜெயிக்கணும் தம்பி. தோக்கிறதுக்கா நான் பந்தல் போடுறது? ஜெயிச்சீங்கன்னா வருஷா வருஷம் நம்ம கடை பேர்ல நடத்திக்கலாம்" என்றார். சென்னையிலிருந்து வந்த ரக்பி சங்கத்துக்காரர்களும், வருஷா வருஷம் நடத்த ஆள் இருந்தால் காஞ்சிபுரத்தைத் தங்கள் போட்டி வரிசையில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆக, ஒரே ஒரு வெற்றி. அதில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் இரண்டு மேட்சிலும் உதை வாங்கினோம். மூன்றாவதுதான் கடைசி. எதிரில் சென்னைக் காலேஜ் பையன்கள், வெயிலில் வதங்கிப் போயிருந்தார்கள். பத்துக்குப் பத்து. கடைசி நிமிடம். பாபு இரண்டு பேரை இழுத்து வைத்துக்கொண்டு பந்தைப் பின்னால் எனக்குப் போட்டான், பாடத்தில் சொன்னபடியே. என் முன்னால் மைதானம் காலியாகக் கிடந்தது.

ஓடினேன். வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. ஒருத்தன் பாய்ந்தான், விலகினேன். இன்னொருத்தன் தோளில் மோதினான், உதறினேன். மைக்கில் ராமலிங்கம் அண்ணன் கத்துகிறார். (ஊரில் கபடிப் போட்டி என்றாலும், திருவிழாவில் பிள்ளை காணாமல் போனாலும் அவர் குரல்தான்.) கடைசிக் கோடு வந்துவிட்டது. சுண்ணாம்பு கண்ணில் பளிச்சென்று தெரிகிறது. அப்படியே குப்புற விழுந்தாலே போதும், ட்ரை.

அப்போது பின்னாலிருந்து எவனோ என் பனியனைப் பிடித்தான்.

பிடித்துவிட்டார்கள். முதுகெலும்பு விழித்துக்கொண்டது. சட்டென்று திரும்பி, பிடித்தவனை உதறி, வந்த வழியே பறந்தேன். வாயில் "கபடி கபடி கபடி" என்று பாட்டு வேறு. எதிரில் வந்த சென்னைப் பையன்கள் வழிவிட்டு நின்றார்கள். பாபு மட்டும் "ஒரேய், எக்கடிக்கிரா!" என்று கத்தியபடி என்னை மறிக்கப் பார்த்தான். எங்கேடா போகிறாய் என்கிறான்; டென்ஷனில் அவனுக்குத் தமிழ் மறந்துபோயிருந்தது. அவனையும் ஏமாற்றிவிட்டு, பந்தைக் கடாசிவிட்டு, மைதானத்தின் நடுக்கோட்டில் பாய்ந்து விழுந்து கையை நீட்டித் தொட்டேன்.

விசில் பறந்தது. அதுதான் கொடுமை. ஊர் ஜனம் மொத்தமும் கபடி பார்த்து வளர்ந்த ஜனம். "காஞ்சி அணிக்கு ஒரு புள்ளீ! நமது வீரர் வெற்றிகரமாகத் திரும்பி வந்துவிட்டார்!" என்றார் ராமலிங்கம் அண்ணன். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார். ஸ்ரீபால் அண்ணன் மட்டும் மைதானத்துக்கு வெளியே, நடுக்கோட்டுக்கு நேராக நின்று இரண்டு கையாலும் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டிருந்தார். நான் படுத்தபடியே அவருக்குக் கை காட்டினேன்.

ஒரு சென்னைப் பையன் நிதானமாக வந்தான். உருண்டு வந்து என் தலைக்குப் பக்கத்தில் கிடந்த பந்தை எடுத்தான். தடுக்க யாருமில்லாத எங்கள் கோட்டுக்கு ஓடிப் போய், குனிந்து தரையில் அழுத்தினான். ரெஃப்ரி விசில் ஊதினார். "சற்று முன் அறிவித்த புள்ளி ரத்து செய்யப்படுகிறது" என்றது மைக்.

முதலாளிக்கு விளங்க நேரமானது. "அப்போ தோத்துட்டோமா? கோடு வரைக்கும் போனவன் ஏம்பா திரும்பி வந்தான்?"

"பழக்கம் சார்" என்றார் ஸ்ரீபால் அண்ணன்.

"நம்ம ஊருக்குக் கபடியே போதும், தம்பி" என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சங்கத்துக்காரர்களும் கைகுலுக்கிவிட்டு வேனில் ஏறிப் போனார்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில், அவர் கடை பேரில், கபடிப் போட்டிதான் நடந்தது. அதற்கடுத்த வருஷம் அந்த மைதானம், கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களின் வேன் நிறுத்துமிடமாகிவிட்டது.

அன்று நான் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அவமானத்துக்கு அழுதது கொஞ்சம்தான். ஸ்ரீபால் அண்ணன் முகத்தில் இனி எப்படி முழிப்பது என்பதற்குத்தான் அத்தனை அழுகையும். அவரே தேடிக்கொண்டு வந்தார், கையில் புளிசாதப் பொட்டலம். மேட்ச் முடிந்ததும் சாப்பிடலாம் என்று மத்தியானத்திலிருந்து வைத்திருந்தது. "நீ சாப்புடுப்பா, எனக்குப் பொழுது போயிடுச்சு" என்றார். வெட்கமில்லாமல் முழுப் பொட்டலத்தையும் சாப்பிட்டேன். நல்ல பசி.

ஊர் என்னை விடவில்லை. ஒரகடத்துக் கம்பெனியில் வேலை கிடைத்து, திருப்புட்குழிக்குப் பெண் பார்க்கப் போனால், பெண்ணின் அப்பா என்னை உற்றுப் பார்த்தார். "ஏம்பா, அந்தத் திரும்பி ஓடுன பையன் நீதான?" வந்த வேலை முடிந்தது, காபியையாவது குடிப்போம் என்று டம்ளரைத் தூக்கினேன். உள்ளேயிருந்து என் வருங்கால மாமியாரின் குரல் வந்தது. "இருக்கட்டும்ங்க. இந்தக் காலத்துல எங்க போனாலும் ஒழுங்கா திரும்பி வர்ற மாப்புள்ள எங்க கெடைக்குது?" அந்த வாக்கியத்தில்தான் என் கல்யாணம் முடிவானது. இன்றும் வீட்டில் விசேஷம் என்றால் அத்தை இதைச் சொல்லாமல் பந்தி எழாது. நான் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் என் மகள், "நமது வீரர் வெற்றிகரமாகத் திரும்பி வந்துவிட்டார்!" என்பாள்.

ஸ்ரீபால் அண்ணன் சொன்னது பலித்துவிட்டது, எங்கள் ஊரில் மட்டும் பலிக்கவில்லை. இப்போது டிவியில் நகரங்களின் பேரில் செவன்ஸ் அணிகள் மோதுகின்றன. எந்தெந்த மாநிலத்துக் கிராமங்களிலிருந்தோ பெண்பிள்ளைகள் வந்து நாட்டுக்காக ஆடுகிறார்கள். என் மகளுக்கும் ஆட ஆசை. சனிக்கிழமை தோறும் விடியற்காலை ரயிலில் அவளைச் சென்னைக்குக் கூட்டிப் போகிறேன். ரயிலில் பாதி வழி தூங்கிவிடுவாள். உள்ளூரிலேயே நடந்து போய் ஆடியிருக்க வேண்டியவள்.

போன மாதம் அவள் பிறந்தநாளுக்கு ஸ்ரீபால் அண்ணன் வந்திருந்தார். இப்போது உரக்கடை வைத்திருக்கிறார். டிவியில் செவன்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை வழக்கம்போல் கதையைச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். இத்தனை வருஷத்தில் என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வழியனுப்ப வாசலுக்குப் போனேன். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்னே இருந்தேம்பா. நான் நடுவுல நின்னுக்கினு இருந்ததால சரியா தெரியல. அன்னைக்கு உன்னப் புடிச்சப்போ, கோடு கிட்ட இருந்துச்சா?"

"இல்லண்ணா" என்றேன். "இன்னும் ரொம்ப தூரம் இருந்துச்சு. திரும்பலன்னாலும் அமுக்கி இருப்பாங்க."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"நல்ல வேளைப்பா" என்றார்.