கைக்குழந்தைக்கு டபுள் எக்ஸெல்

பயந்தாங்கொள்ளிக்கு ஆபத்து அவன் பயப்படாத பக்கமாகத்தான் வரும். நானே சாட்சி.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு, வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்த்துவிட்டவர் அங்கே இன்சார்ஜாக இருந்த என் தாய்மாமன். சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்து சி புரோகிராமிங் கற்றுக்கொண்டேன். (சோறு ஆறியதுதான் மிச்சம் என்பார் மாமா.) வாய் சும்மா இருக்காமல், சைஸ் ஸ்டிக்கர் அடிக்க நானே புரோகிராம் எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். "எம் மருமகன் எழுதீருவானுங்க, அதுக்கு நானாச்சு" என்று மாமா ஓனரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு ஆர்டரின் விவரங்களைச் சேர்த்துக் கட்டும் மூட்டைக்கு சி மொழியில் ஸ்ட்ரக்ட் என்று பெயர். அதில் சைஸ்களுக்கு ஐந்து இடம் ஒதுக்கினால் போதும். ஆறாவது சைஸ் வந்துவிட்டால்? ஏழாவது? பயத்தில், எத்தனை வந்தாலும் அத்தனைக்கும் இடம் பிடிக்கிற வரிசையாக, அதாவது அர்ரேயாக, மாற்றினேன். இனி சைஸ்கள் வெளியே எங்கோ இருக்கும். மூட்டைக்குள் அவற்றின் விலாசம் மட்டும் இருக்கும்.

அன்று இரண்டு ஆர்டர்கள்: கைக்குழந்தை பனியன், பெரியவர்கள் பனியன். குழந்தை ஆர்டரை அப்படியே நகலெடுத்து, நகலில் சைஸ்களை மட்டும் பெரியவர்களுக்கு ஏற்ப மாற்றினேன். ஸ்டிக்கர்கள் கொட்டின. சாயங்காலம் தூத்துக்குடிக்கு லோடு ஏற வேண்டும்.

பாதி ஒட்டியபோது மாமாவின் குரல்.

"ஏனுங் மாப்ள, கொஞ்சம் வாங்க."

(என்னிடம் அவர் 'ங்க' போட்டால் அவருக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது என்று பொருள்.)

உள்ளங்கை அகல பனியன் ஒன்றை விரித்துக் காட்டினார். அதன் மேல் டபுள் எக்ஸெல்.

"இந்தக் கொழந்த என்னத்தைங்க திங்குது?"

விளக்கினேன். நகலானது விலாசம் மட்டும்தான். சைஸ் வரிசை ஒன்றேதான். பெரியவர்களுக்கு மாற்றியது குழந்தைக்கும் மாறிவிட்டது.

"ஊட்டு விலாசத்த ரெண்டு சீட்டுல எழுதிப்போட்டு, ரெண்டு ஊடு கட்டீட்டம்னு நெனச்சுக்கிட்டீங்களாக்கு?"

ஓனர் வருவதற்குள் செக்ஷனே உட்கார்ந்து ஸ்டிக்கர் உரித்தது. நான் நகலுக்குத் தனி இடம் ஒதுக்கி, சைஸ்களை ஒவ்வொன்றாக அதில் போட்டு, மறுபடி அடித்தேன். வெளியே லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. லோடு போயிற்று. மாமாவின் வாக்கும் மயிரிழையில் தப்பியது.

என் மகள் பிறந்தபோது மாமா ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே குழந்தை பனியன், உரிக்காத ஒரே ஸ்டிக்கரோடு.

"உங்கூட்டுக்காரர் போட்ட சைஸுங்க, அம்மிணி" என்று என் மனைவியிடம் நீட்டினார்.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். ஊதினால் பறந்துவிடுவாள். ஆனாலும் வீட்டில் அவள் பெயர் டபுள் எக்ஸெல்தான். பள்ளியில் சேர்த்த அன்று அந்தப் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டேனோ என்று, பாதி வழியில் வண்டியைத் திருப்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.