கொய்யாக் கன்றுக்கு ஏற்ற மண்வெட்டி

தோட்டக்காரர்கள் என்றொரு வகை மனிதர்கள் உண்டு. நகத்தில் மண், முழங்காலில் மண், பேசும்போது பார்வை மட்டும் எங்கோ செடிமேல். அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்களுக்குப் பங்காளி மாதிரியே தோற்றமளித்து, அவர்கள் போகிற கடைக்கே போய், அவர்கள் பேசுகிற பேச்சையே இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசி, ஆனால் ஆயுசில் ஒரு கீரைத்தண்டைக்கூட முளைக்கவைக்காத இன்னோர் இனம் இருக்கிறது. கருவித் தேர்வாளர் இனம். இரும்புச் சாமான் கடை இருக்கிற ஊரில் எல்லாம் இது காணப்படும். வெயிலும் மழையும் இதை ஒன்றும் செய்யாது. வெளியே வந்தால்தானே?

எப்படி அடையாளம் காண்பது? சுலபம். ஒரு மண்வெட்டியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். நீங்களாக இருந்தால் குனிவீர்கள். இவர் நிமிர்வார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி பிடிக்கிறவர் போலக் காம்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். விரல் முட்டியால் தகட்டைத் தட்டிக் காதருகே கொண்டுபோய் ஓசை கேட்பார். உள்ளங்கையில் கிடத்தி எடை பார்ப்பார். பூண் இறுகியிருக்கிறதா என்று நகத்தால் நெம்புவார். பிறகு உதட்டைப் பிதுக்கி, "ம்ஹூம்" என்பார்.

அந்த "ம்ஹூம்"தான் இந்த இனத்தின் கூவல்.

இப்படி ஒருவர் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். எது எதெல்லாம் கெட்டுப்போகக்கூடும் என்று யோசித்துச் சம்பளம் வாங்கியவர். தெருவில் அவருக்கு ஸ்பெஷலிஸ்ட் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான்; அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார். அவருடைய மனைவி மூன்றாம் வகுப்பு டீச்சர். அந்த அம்மாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டு, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் ஒரு கொய்யாக் கன்றை வைத்துக் கொடுத்தார்கள். டீச்சர் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். புடவையெல்லாம் சேறு. முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, கொல்லைப்பக்கம் ஒரு குழி தோண்டுங்க. இன்னிக்கே வச்சிடலாம்."

"எதை வச்சுத் தோண்டுறது?"

கேள்வி நியாயமானதுதான். வீட்டில் ஒரு பழைய மண்வெட்டி இருந்தது. ஸ்பெஷலிஸ்ட் அதை எடுத்துப் பார்த்தார். தட்டினார். ஓசை கேட்டார்.

"ம்ஹூம். இது தோண்டாதும்மா. மண்ணைக் காயப்படுத்தும்."

மண்ணுக்குக் காயம்படும் என்று டீச்சர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் மூன்றாம் வகுப்பிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவளுக்குப் பொறுமை என்பது பழகிப்போன சட்டை. கன்றைக் கொல்லைக் கதவோரம் வைத்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள்.

அன்று தொடங்கியது ஆராய்ச்சி. ஸ்பெஷலிஸ்ட் இரும்புக் கடைக்குப் போனால் காலைப் பொழுது அங்கேயே கழியும். கடைக்காரர் அவரைக் கண்டதுமே பையனை அனுப்பித் தமக்கு ஒரு டீ சொல்லிவிடுவார்.

"இந்தக் காம்பு என்ன மரம்?"

"நல்ல மரம் சார்."

"நல்ல மரம்னா? வேம்பா, வேலமா? ஈரத்துக்கு ஊதுமா ஊதாதா?"

"சார், நீங்க என்ன தோண்டப் போறீங்க? கிணறா?"

"கொய்யா."

கடைக்காரர் டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

குழிக்கு மண்வெட்டி வந்தது. குழியின் ஓரத்தைச் சீராக்க அகலம் குறைந்த இன்னொன்று வந்தது. மண்வெட்டி வந்துவிட்டால் களைக்கொத்து தனியாக நிற்குமா? அதுவும் வந்தது. பின்னால் மரமானால் கிளை வெட்ட வேண்டுமே என்று இரண்டு விதக் கவாத்துக் கத்தரி, கத்தரியைத் தீட்ட ஒரு சாணைக்கல், சாணைக்கல் வைக்க ஒரு பெட்டி, முழங்கால் வலிக்காமலிருக்க ஒரு மெத்தைப் பலகை, மெல்லிய வேலைக்கு ஒரு கையுறை, முரட்டு வேலைக்கு ஒரு கையுறை, தண்ணீர் பூவாய் விழுகிற வாளி, புகையாய் விழுகிற குழாய் என்று குடும்பம் பெருத்துக்கொண்டே போயிற்று. விருந்தாளிகளுக்கென்று இருந்த அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் கொக்கி அடித்து, ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவி மாட்டினார். அவற்றில் எதன்மீதாவது மண் பட்டதா? அபசகுனமாகப் பேசாதீர்கள்.

"எங்க அக்கா வந்தா எங்கங்க படுப்பா?" என்றாள் டீச்சர்.

"ஹால்ல நல்லா காத்து வரும்மா."

இதற்குள் கன்று பைக்குள்ளேயே ஒரு முழம் வளர்ந்துவிட்டது. வேர் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. இலையோரம் பழுத்தது. டீச்சர் கேட்கும்போதெல்லாம் பதில் தயாராக இருந்தது. "அவசரப்பட்டா வேர் கெட்டுடும்." "எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கும்மா." "அடுத்த வாரம் புது மாடல் வருதாம்."

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். வாசலில் ஒரு செடி சாய்ந்துவிட்டதாம், கொஞ்சம் மண் அணைக்க வேண்டுமாம், ஒரு மண்வெட்டி கிடைக்குமா?

ஸ்பெஷலிஸ்ட் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "களிமண்ணா, மணலா?"

"மண்ணுதான் சார்."

"ஈரமா, காய்ஞ்சதா?"

"ஒரு ஓரமா ஈரம்."

"வலது கைப் பழக்கமா, இடது கையா? மண்ணை இழுப்பீங்களா, தள்ளுவீங்களா?"

"பல்லு பிடுங்க வர்றவங்ககிட்டகூட நான் இவ்வளவு கேக்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சாய்ந்த செடியை நிமிர்த்தி, செருப்புக் காலாலேயே மண்ணை மிதித்து அணைத்துவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது. ஸ்பெஷலிஸ்டுக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

டீச்சர் இதையெல்லாம் சிரித்தே கடந்திருப்பாள். ஆனால் மார்க்கெட்டில் பழைய மாணவி ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், எங்க கொய்யா எவ்வளவு உசரம்?"

டீச்சர் தன் இடுப்புக்கு நேரே கையைக் காட்டி, "இவ்வளவு உசரம் கண்ணு" என்றாள். பிள்ளை குதித்துக்கொண்டு போயிற்று. வகுப்பறையில் பொய் சொன்னதற்காக எத்தனையோ பேரைப் பெஞ்சுமேல் ஏற்றியவள், காய்கறிப் பையை அங்கேயே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நடுறோம். நீங்க தோண்டலேன்னா நான் நகத்தால தோண்டுவேன்."

குரலில் ஏதோ இருந்தது. ஸ்பெஷலிஸ்ட் தலையாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் புறப்பட்ட கோலத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். தொப்பி, முழங்கால்வரை பூட்ஸ், மெல்லிய கையுறை. கொல்லையில் வெள்ளைத்துணி விரித்து, ஆபரேஷன் தியேட்டர்போல் கருவிகளை நீள வாரியாக அடுக்கினார். கன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள் டீச்சர். ஸ்பெஷலிஸ்ட் முதல் மண்வெட்டியை எடுத்தார், வைத்தார். இரண்டாவதை எடுத்தார். காற்றில் இரண்டு வெட்டு வெட்டிப் பார்த்தார். கையுறையை மாற்றினார். மறுபடி முதலாவதை எடுத்தார். டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மண்வெட்டி மேலே போயிற்று.

ஒரு துளி வந்து தகட்டில் விழுந்தது.

"ஐயையோ! துரு!"

அப்புறம் அவர் காட்டிய வேகத்தைப் பார்த்தவர்கள் அவருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லமாட்டார்கள். "இதைப் பிடிம்மா! இதையும் பிடி! துணி கொண்டா, ஈரத்தோட வைக்காதே!" டீச்சர் பாவம், பழக்க தோஷத்தில் கை நீட்டி வாங்கி வாங்கி உள்ளே வைத்தாள். அதற்குள் வானம் பொத்துக்கொண்டது. கொல்லை சரிவானது, பின்கதவு திறந்துகிடந்தது, தண்ணீர் பின்னாலிருந்த சந்துக்குள் ஓடியது. கடைசியாகச் சாணைக்கல்லையும் துடைத்து வைத்துவிட்டு டீச்சர் ஓடிவந்து பார்த்தபோது வெள்ளைத்துணி மட்டும் ஒரு கல்லில் சிக்கிக்கொண்டு கிடந்தது. கன்றைக் காணோம்.

டீச்சர் குடைகூட இல்லாமல் சந்தில் இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனாள். செருப்பு மிதந்தது, யார் வீட்டு வாளியோ மிதந்தது. கறுப்புப் பை மட்டும் கண்ணில் படவில்லை. திரும்பி வந்து வாசற்படியில் நின்றபோது முகத்தில் வழிந்தது எல்லாமே மழைத்தண்ணீர் என்று சொல்ல முடியாது.

ஸ்பெஷலிஸ்ட் ஆறுதல் சொன்னார். இந்த இனத்துக்குத் தெரிந்த ஆறுதல்.

"கவலைப்படாதேம்மா. ஒண்ணுகூட நனையல. எல்லாம் பத்திரம்."

டீச்சர் அவரைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். "எல்லாம் பத்திரம்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, துணி காயப்போட மாடிக்குப் போனவள் பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். மூலையில், ஒரு குச்சியில் கட்டிய கொய்யாக் கன்று. இலையோரம் அதே பழுப்பு. ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி அங்கே ஓடினாள்.

"அதுவா டீச்சர்?" என்றாள் டாக்டரம்மா. "மழையில வந்து என் கேட்டுல முட்டிக்கிட்டு நின்னுச்சு. யாரோட பொருள்னு தெரியல. தூக்கிப் போட மனசில்ல. குளிக்கிற மக் ஒடைஞ்சது ஒண்ணு கிடந்தது, அதால தோண்டி வச்சேன். உங்களோடதா? எடுத்துக்கோங்க."

டீச்சர் குனிந்து பார்த்தாள். கொழுந்து விட்டிருந்தது. இப்போது பிடுங்கிக்கொண்டு போனால் தன் வீட்டில் மறுபடி எத்தனை மாதம் பையில் கிடக்குமோ?

"இங்கேயே இருக்கட்டும் டாக்டர். நான் தினம் வந்து தண்ணி ஊத்துறேன்."

ஊற்றினாள். தினமும். ஸ்பெஷலிஸ்ட் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, "மக்குக்கு விளிம்புக் கூர்மை போதாதே, எப்படிப் பிடிச்சுது?" என்று வெகுநாள் யோசித்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: பையிலேயே நீண்ட காலம் இருந்து பக்குவப்பட்டதால்தான் பிழைத்தது. ஆகவே பெருமை அவருக்கே. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

மூன்றாம் வருஷம் மரம் காய்த்தது. டீச்சர் பழைய பிள்ளைகளை அழைத்தாள். எல்லோரும் பெரிய வகுப்புக்குப் போய்க் கால்சட்டை குட்டையாகிவிட்டவர்கள். டாக்டரம்மா, "நல்லா கடிச்சுத் தின்னுங்க, பல்லு போனா நான் இருக்கேன்" என்றாள். முற்றமே சத்தக்காடாயிற்று. டீச்சர் மார்க்கெட்டில் பார்த்த அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடித்து, முதல் பழத்தை அவள் கையில் வைத்தாள்.

மதில்மேல் ஸ்பெஷலிஸ்டின் தலை தெரிந்தது. "பறிக்காதீங்க! கையால பறிக்காதீங்க! அதுக்குன்னு ஒரு தொரட்டி இருக்கு. காம்புல சுருக்குப் பை வச்சது. ரெண்டு கம்பெனிது பார்த்து வச்சிருக்கேன், எது நல்லதுன்னு..."

பையன்கள் ஏற்கெனவே மரத்தில் இருந்தார்கள். டீச்சர் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு மதிலருகே வந்து நீட்டினாள். கோபமெல்லாம் வடிந்துபோன முகம். அவர் வாங்கிக்கொண்டார். உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வெட்கப்பட்டு அழுதுகொண்டிருக்கிறார் என்று நினைத்து டீச்சர் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தாள். பழத்தை மேஜையில் வைத்துக்கொண்டு, அதை நறுக்க எந்தக் கத்தி சரி என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியும் ஒரு மனுஷனா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. உங்களிடம் கொக்கி அடித்த அறை ஏது, எண்ணெய் தடவிய கத்தரி ஏது? நாளைக் காலையிலிருந்து ஓடப்போவதாகச் சொன்னீர்களே, அதற்கு வாங்கிய ஷூ பெட்டியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. பாட்டுக் கற்றுக்கொள்ள வாங்கிய சுருதிப் பெட்டிக்கு நல்ல உறை தைத்தாயிற்று. எழுதப்போகிற நாவலுக்கு இன்னும் சரியான பேனா அமையவில்லை, அவ்வளவுதான். மற்றபடி நீங்கள் வேறு இனம். எங்களுக்குச் சந்தேகமே இல்லை. இதோ, இப்போதே எழுந்துபோய்த் தொடங்கிவிடப் போகிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நல்ல...

ஒரு நல்ல என்ன? சொல்லுங்கள், கேட்போம்.