உந்தம் பற்றாக்குறை: பன்னிரண்டு சதவீதம்

இயற்கை விதியை மீறியதற்காக ஓர் ஊழியரைக் கூப்பிட்டு விசாரித்த கல்லூரி உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் என்பதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

வந்திருந்தோர்: மின்விசிறிக்கு நேர் கீழே முதல்வர். அவருக்கு வலப்பக்கம், மடியில் இருப்புப் பதிவேட்டுடன் சரக்கறைக் கண்காணிப்பாளர். இடப்பக்கம் இயற்பியல் பேராசிரியை. கதவோரம், உட்காரச் சொல்லப்படாததால் நின்றபடி, ஆய்வக உதவியாளர். கடிதப் பிரிவு எழுத்தராகிய நான் ஜன்னலோர ஸ்டூலில்.

விஷயம் இதுதான். ஆய்வகத்தில் காற்றுத் தடம் என்றொரு நீளக் குழாய் உண்டு. அதன் துளைகளில் சீறும் காற்று, மேலே ஓடும் சின்ன வண்டிகளை மயிரிழை தூக்கிப் பிடிக்கும். இரண்டு வண்டிகளை மோதவிட்டு, முன்னும் பின்னும் உந்தத்தை அளந்தால் சமமாக இருக்க வேண்டும். இருபது வருடமாகச் சமமாகவே இருந்தது. பதிவேட்டில் 'முன்' கட்டத்தைப் பார்த்து 'பின்' கட்டத்தை நிரப்புவது எங்கள் மரபு. தணிக்கைக் குழு வரும் வாரத்தில் ஆய்வக உதவியாளர் நிஜமாகவே அளந்து தொலைத்தார். பன்னிரண்டு சதவீதம் குறைந்தது. அதை அப்படியே எழுதியும் வைத்தார். பதினோரு வருடத் தற்காலிக வேலை அடுத்த மாதம் நிரந்தரம் ஆகவிருந்தவர் செய்கிற காரியமா இது?

"பன்னெண்டு பர்சென்ட் எங்கய்யா போச்சு?" என்றார் கண்காணிப்பாளர்.

"அது உந்தம் சார். பீக்கர் இல்ல."

"எதுவா இருந்தா என்ன? உங்க பொறுப்புலதானே இருந்துச்சு? வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களா?"

"எடுத்துட்டுப் போய் என்ன சார் பண்றது? காலைல எம் பையனைப் படுக்கையிலேருந்து கிளப்பவா?"

பேராசிரியை குறுக்கிட்டார். "உந்தம் மாறாதுன்னு சொல்றது, வெளியிலேருந்து எந்த விசையும் தலையிடாத வரைக்கும்தான் சார். புறவிசை வந்தா குறையும்."

முதல்வர் நிமிர்ந்தார். "புறவிசையா? என் காலேஜ்லயா? என்னைக் கேக்காமலா?"

"ப்ளோயர் போயிருச்சுங்க ஐயா," என்றார் உதவியாளர். "காத்து வராம வண்டி குழாயில தேய்ச்சுக்கிட்டே போகுது. ரிப்பேருக்கு அஞ்சு தடவை எழுதிக் குடுத்தேன்."

"அதை யாரு கேட்டா? விதி தப்பா, நீ தப்பா?"

"விதி தப்பில்லீங்க."

"அப்ப நீதான்! ஏம்மா, அந்தப் புறவிசையைத் தூக்கிட்டா உந்தம் சரியாயிருமா?"

"ஆயிரும் சார். ஆனா..."

"ஆனாவெல்லாம் வேணாம்."

தீர்மானம் நிறைவேறியது: 'உந்தக் குறைவுக்குக் காரணமான புறவிசை எவரோ, அவரது பதவியை ஆதாரங்களுடன் இயக்குநரகத்துக்குத் தெரிவித்து, ஒழுங்கு நடவடிக்கை கோருவது.' யார் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் கதவோரம் பார்த்தார்கள். உதவியாளர் தரையைப் பார்த்தார்.

முதல்வர் வெற்றுத்தாளின் அடியில் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார். "நீரே நிரப்பிடும். லெட்டர் எழுத உம்மை விட்டா ஆளு ஏது?"

இணைப்புகளைப் பார்க்காமல் நான் எந்தக் கடிதத்தையும் எழுதுவதில்லை. கோப்பைத் திறந்தேன். ப்ளோயர் பழுது பற்றி மூன்று வருடத்தில் ஐந்து விண்ணப்பங்கள். ஐந்தின் ஓரத்திலும் முதல்வரின் பச்சை மையில் ஒரே வாசகம்: 'பிறகு பார்க்கலாம்.'

நான் வியந்துபோனேன். வண்டிகளைக் கையால்கூடத் தொடாமல், ஆய்வகப் பக்கமே எட்டிப் பார்க்காமல், மூன்று வருடமாக ஒரு மூச்சுக் காற்றையும் உள்ளே விடாமல் தடுத்து நிறுத்த எப்பேர்ப்பட்ட ஆற்றல் வேண்டும்! கேவலம், ஒரு தற்காலிக ஊழியருக்கு அது ஏது?

'புறவிசை: முதல்வர். ஆதாரம்: இணைப்பு ஒன்று முதல் ஐந்து வரை' என்று அவர் கையெழுத்துக்கு மேலே தெளிவாக எழுதி, உறையை ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்த்தேன்.