நாலாவது டயரின் பிடிவாதம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேஷியர் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். தலையே போனாலும் சரி, இன்றைக்குச் சகலை வீட்டு விருந்துக்குப் போவதில்லை.

சகலை தங்கமான மனிதர்தான். சாப்பாடும் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் ஆள் புதிதாக ஒரு மைக்கும் ஸ்பீக்கரும் வாங்கி வைத்திருக்கிறார். நாம் கை கழுவிவிட்டு வருவதற்குள் பாட ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் "எப்படி?" என்று கேட்பார். போன தடவை கேஷியர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இன்னொண்ணு பாடுங்களேன்" என்று சொல்லித் தொலைத்தார். பொழுது சாயும் வரை எழுந்திருக்க முடியவில்லை, பாவம்.

கார் ஓடாவிட்டால் தப்பிக்கலாம். அதற்குத் தோதாகப் புது டயர்கள் வாசலில் கிடந்தன. "நானே மாட்டிக்கறேன்" என்று கடைக்காரரிடம் மார்தட்டி வாங்கி வந்தவை. சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்தால் டயர் வழுக்கிக்கொண்டு போய்ச் சக்கரத்தின் ரிம்மில் டப்பென்று உட்காரும். தடவாவிட்டால் லேசில் உட்காராது. கேஷியர் மூன்று டயர்களுக்குச் சோப்புத் தடவி ஜம்மென்று உட்காரவைத்துக் காரில் மாட்டினார். நாலாவதை மட்டும் காய்ந்தபடியே விட்டுக் காற்று மெஷினைப் போட்டார். காற்றெல்லாம் பக்கவாட்டில் புஸ்ஸென்று போனது. ஆஹா, என்ன இனிமையான சத்தம்!

மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளுக்குத் திடீர் திடீரென்று வரும் வயிற்றுவலியை வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகியவள்.

"ஏங்க, ஆச்சா?"

"எங்க ஆச்சு! உக்கார மாட்டேங்குது."

"மூணு உக்காந்துச்சே?"

"அதெல்லாம் நல்ல டயரு. இது சரியான பிடிவாதம் பிடிச்ச டயரு."

"அப்ப அக்கா வீட்டுக்கு?"

கேஷியர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? உங்க அத்தான் பாட்டக் கேக்கக் குடுத்து வைக்கல. என்ன பண்றது?"

டீச்சர் உள்ளே போனாள். கேஷியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டயரைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் அவள் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தாள்.

"கவலைய விடுங்க. நாம போக முடியலன்னா என்ன? அவங்களே கெளம்பி வராங்களாம்."

"இங்கயா?"

"அத்தானுக்கு லீவாம். ஒரு வாரம் இருந்துட்டுத்தான் போவாராம்."

"ஒரு வாரமா!"

"மைக்கு, ஸ்பீக்கர் எல்லாம் எடுத்துட்டு வராராம். காலையில எழுந்ததும் சாதகம் பண்ணணுமாம். நம்ம ரூமுக்கு அடுத்த ரூம ஒழிச்சுக் குடுத்துடலாங்க."

கேஷியர் துள்ளி எழுந்தார்.

"இரு, இரு! அவசரப்படாத! இன்னொரு தடவ பாத்துடறேன்!"

அவள் உள்ளே திரும்பியதுதான் தாமதம், பாத்திரம் கழுவும் சோப்பைப் பாட்டிலோடு டயர் மேல் கவிழ்த்தார். சுற்றிச் சுற்றித் தேய்த்தார். மெஷினைப் போட்டுவிட்டு அவர் வேண்டாத தெய்வம் இல்லை. டப்! ஒரு பக்கம் உட்கார்ந்தது. டப்! மறுபக்கமும் உட்கார்ந்தது. மூச்சிரைக்க மூச்சிரைக்கச் சக்கரத்தைக் காரில் மாட்டி முடுக்கினார்.

"உக்காந்துருச்சு! அடியே, உக்காந்துருச்சு! அவங்கள வர வேண்டாம்னு சொல்லு! உடனே போன் பண்ணு! நாமளே வரோம்னு சொல்லு!"

டீச்சர் வெளியே வந்தாள். புதுப் புடவை, சீவி முடித்த தலை, தோளில் கைப்பை. எப்போது தயாரானாளோ!

"நாம வரோம்னுதான் அக்காவுக்கு நேத்தே தெரியுமே. அதுக்கப்புறம் நான் போனே பண்ணலையே."

கேஷியர் கைநிறைய நுரையோடு அப்படியே நின்றார்.

"சீக்கிரம் சட்டைய மாத்திட்டு வாங்க. சாவிய இப்படிக் குடுங்க, நான் ஓட்டறேன். நீங்க ஓட்டினா வழியில பஞ்சராகும்."