குண்டூசி மாஸ்டரின் அளவுப் புத்தகம்

மட்டாஞ்சேரியில் ஒரு பெண் நாயின் தாய்வழிப் பாட்டி யார் என்பது அந்த நாய்க்கே தெரியாமல் இருக்கலாம். குண்டூசி மாஸ்டருக்குத் தெரியாமல் இருக்காது. இத்தனைக்கும் மனுஷன் லேடீஸ் டெய்லர்.

உதட்டோரம் எந்நேரமும் நாலு குண்டூசி இருக்கும், அதனால் அந்தப் பெயர். கால் ஓரிடத்தில் தரிக்காது. அளவெடுக்கும்போதுகூட நடந்துகொண்டேதான் எடுப்பார். என் மனைவி ப்ளவுஸுக்கு அளவு கொடுக்கப் போய், இஞ்சிக் கிடங்கு வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பினாள்.

நாய்ச் சகவாசம் டாக்டரம்மாவால் வந்தது. எங்கள் பக்கத்து மிருக வைத்தியர். நாய்களுக்கு மார்க்கட்டி ஆபரேஷன் செய்தால் அவை தையலை நக்கியே பிரித்துவிடும். "மாஸ்டரே, வயித்தை மூடுற மாதிரி ஒரு உடுப்பு தைக்கலாமோ?" என்று கேட்டார். மாஸ்டர் லைனிங் துணியில் நாலு கால் ஓட்டையோடு ஒரு ப்ளவுஸ் தைத்தார். அவ்வளவுதான், மழைக்கோட்டு வேண்டும், ஆபரேஷன் உடுப்பு வேண்டும் என்று ஊர் நாயெல்லாம் வாடிக்கையாகிவிட்டது.

அளவுப் புத்தகத்தில் மகளின் அளவை அம்மாவுக்கான பக்கத்திலேயே எழுதுவது அவர் வழக்கம். "அம்மா பக்கத்தைப் பாத்தாலே மகளுக்குப் பாதி வெட்டிடலாம் சாரே" என்பார். நாய்களுக்கும் அப்படியே எழுதினார். ஒருநாள் புரட்டிப் பார்த்தவர் விக்கித்துப் போனார். சில பக்கங்களில் வெறும் மழைக்கோட்டு. சில பக்கங்களில் பாட்டி, அம்மா, சித்தி எல்லாருக்கும் ஆபரேஷன் உடுப்பு!

இது தெரியாமல் நான் எங்கள் வீட்டுச் சுக்குவுக்கு மழைக்கோட்டு தைக்கப் போனேன். சுக்கு, குட்டைக்கால் டாஷண்ட். ஆறு மாதக் குட்டி, ஒன்றரை நாய் நீளம்.

"அம்மா யாரு?"

"திருப்பூணித்துறை டீச்சர் வீட்டு ராணி."

புத்தகத்தைப் புரட்டினார். வாயிலிருந்த குண்டூசிகளைத் துப்பினார். ராணியின் குடும்பப் பக்கத்தில் அவளுக்கு, அவள் அம்மாவுக்கு, சித்திக்கு என்று மூன்று உடுப்பு, மூன்றும் ஆபரேஷனுக்கு.

"ஹீட் வந்தாச்சா? வயசுக்கு வந்துட்டாளா?"

"இன்னும் இல்லை."

"அப்ப இந்த வாரமே கர்ப்பப்பையை எடுத்துடுங்கோ. முதல் ஹீட்டுக்கு முன்னாடி எடுத்தா இந்தக் கட்டி வர்றது ரொம்பக் குறையும்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க. சாயா குடிச்சுட்டு யோசிக்கற விஷயமில்ல இது!"

வீட்டில் சொன்னேன். மனைவி கொதித்துவிட்டாள். "அழகா இருக்கே! ஒரு பிரசவமாவது ஆக வேண்டாமோ? அத்திம்பேருக்கு ஒரு குட்டி தரேன்னு வாக்குக் குடுத்திருக்கேனே!"

மறுநாள் காலையிலேயே வாசலில் மாஸ்டரின் ஸ்கூட்டர். அத்திம்பேர் கதையைக் கேட்டதும் மாஸ்டருக்குக் கோபம் வந்தது. "வாக்கு உங்களுது, வலி சுக்குவுக்கா? எந்த ஊர் நியாயம் இது?" பதிலுக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டார். மாலையில் ஆபீஸுக்கு வந்தார். மறுநாள் படகுத்துறைக்கு வந்தார். அதற்கடுத்த நாள் வைட்டிலாவில் நான் ஏறிய பஸ்ஸின் ஜன்னலோரம் ஸ்கூட்டரை உரசுகிறாற்போல் ஓட்டிவந்து கத்தினார்:

"சாரே! கர்ப்பப்பையை எடுத்தாச்சோ?"

பஸ்ஸே திரும்பியது. பக்கத்திலிருந்த சேச்சி, "அய்யோ பாவம், வீட்ல அவங்களுக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல, அது நாய்..."

"கட்டின பெண்டாட்டியையா நாய்னு சொல்றது?" என்று எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

போதும்டா சாமி என்று டாக்டரம்மாவிடம் போனேன். இந்த மனுஷனை அவர்தான் அடக்க வேண்டும் என்று. அவரோ மாஸ்டரிடம் ஆளனுப்பி அளவுப் புத்தகத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"அம்மாவுக்கு வந்தா மகளுக்கு வந்தே தீரும்னு இல்ல. ஒரே ஒரு ஜீன் செய்யற வேலையும் இல்ல. ஆனா இந்த மாதிரிக் குடும்பத்துல சான்ஸ் எடுக்காதீங்கோ. மாஸ்டர் சொன்னது சரிதான். கர்ப்பப்பையோட சூலகத்தையும் சேர்த்தே எடுத்துடலாம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அப்படியே சொன்னேன். அன்றிரவே அத்திம்பேருக்குப் போன் போட்டு, குட்டி கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

ஆபரேஷன் அன்று சுக்கு உள்ளே இருந்த நேரமெல்லாம் மாஸ்டர் வராந்தாவை அளந்துகொண்டிருந்தார். அவள் கண் விழித்ததும் பச்சை உடுப்பை மாட்டினார். கட்டைவிரலில் நறுக்கென்று கடி வாங்கினார். அன்றிலிருந்து சுக்குவுக்கு உலகத்தில் ஒரே விரோதி அவர்தான். ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே தொண்டை கிழியக் குரைப்பாள்.

ஆறு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் ஒரு காலையில் மாஸ்டர் வந்தார். முகம் சரியில்லை.

"களமசேரியில சுக்குவோட கூடப்பொறந்தவ இருக்கா இல்லையா? அவளுக்கு மார்க்கட்டி வந்துடுச்சு சாரே. அந்த வீட்டுக்கும் அன்னிக்கு நாயா அலைஞ்சேன், சிரிச்சு அனுப்பிட்டாங்க. இன்னும் ரெண்டு நடை நடந்திருக்கணும். ராத்திரி அவளுக்கு உடுப்பு தைச்சேன்."

சுக்கு கேட்டின் மேல் இரண்டு காலையும் வைத்து, அவரைக் கிழித்துப் போடுகிற வேகத்தில் குரைத்துக்கொண்டிருந்தாள். "சுக்கு, சும்மா இரு!" என்று அதட்டினேன்.

"வேண்டா சாரே, விடுங்கோ. குரைக்கட்டும். கொஞ்ச நேரம் இதைக் கேக்கத்தான் வந்தேன்."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான். கேட்டைத் திறந்து வெளியே போய், சுக்கு குரைத்து ஓயும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.