மெதைல் ஒரேஞ்சும் என் அம்மாவும்

பதினேழு வயதில் நான் ஒரு மேதை. இந்த உண்மையை வேறு யாரும் கண்டுபிடிக்காததால் நானே வீடு வீடாகச் சொல்லித் திரியவேண்டியதாயிற்று.

எங்கள் கிம்னாசியத்தில் (ஊரில் உயர்தர வகுப்பு என்போமே, அது) படிக்கும்போதே பல்கலைக்கழக முதலாமாண்டு இரசாயனவியலை எடுக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. “கஷ்டமான பாடம், யோசித்துச் சேர்” என்றார் வகுப்பாசிரியை. கஷ்டம் என்ற சொல் காதில் விழுந்ததுமே கையெழுத்துப் போட்டுவிட்டேன். டென்மார்க்கில் நாங்கள் இருந்த சின்ன ஊரான இக்காஸ்டில் தமிழ்ச் சனத்துக்குக் குறைவில்லை. ஒரே வாரத்தில், அப்பாவின் வாயால், நான் பாதி டொக்டர் ஆகியிருந்தேன்.

அது ஊரில் போர் முடிந்த ஆண்டு, 2009. அம்மாவின் தம்பி குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டிருந்தது. முதியோர் இல்லத்து வேலைக்குப் போவதும், வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பதும்தான் அம்மாவின் வாழ்க்கையாக இருந்தது. மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. மாமா குடும்பம் உயிரோடு முகாமில் இருக்கிறது என்று தகவல் வந்தது. அதற்குப் பிறகும் அம்மா பேசவில்லை. கேட்டால் ‘ஓம்’, கேட்டால் ‘இல்லை’. சமையல் நடந்தது, வேலை நடந்தது, குரல் மட்டும் வரவில்லை. என்னை ஏசக்கூட இல்லை. (படிக்க வசதியாக இருக்கிறது என்று நினைத்தேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.) அப்பாதான் பயந்துபோயிருந்தார். எப்படியாவது அம்மாவைப் பேசவைக்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை.

ஜூனில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் எனக்கு அந்தப் பாடத்தின் வாய்மொழிப் பரீட்சை. டென்மார்க்கில் வாய்மொழிப் பரீட்சைகள் பகிரங்கமானவை. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் இருந்து கேட்கலாம். ஒருவரும் போவதில்லை என்பது வேறு கதை. முடித்து வருகிற பிள்ளையை வாழ்த்த வீட்டார் வெளியே டேனிஷ் கொடியோடு நிற்பார்கள், அவ்வளவுதான். நான் சும்மா இருக்காமல் இதைச் சாப்பாட்டு மேசையில் பெருமையாக எடுத்துவிட்டேன்.

“ஆரும் வரலாமோ பிள்ளை?” என்றார் அப்பா.

ஆரும் வரலாம் என்றேன், டேனிஷில். (மேதைகள் வீட்டில் தமிழ் பேசுவதில்லை.)

பரீட்சையன்று மேசையில் கவிழ்த்து வைத்திருந்த சீட்டுகளில் ஒன்றை எடுத்தேன். நியமிப்பு. அமிலத்தோடு காரத்தைத் துளித்துளியாகச் சேர்த்து அளவு பார்க்கிற வேலை. சின்னப்பிள்ளைகளின் சமாச்சாரம் என்று நான் தொடாமல் விட்ட ஒரே பாடம் அதுதான். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

முதலில் கலியாணவீட்டுக் கோட்டில் அப்பா. பின்னால், தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்யும் மூன்று அண்ணைமார், காலை ஷிப்ட் முடிந்த கையோடு, வேலை உடுப்பில், ஆளுக்கொரு கடதாசிக் கொடியுடன். கடைசியாக அம்மா, முதியோர் இல்லத்துச் சீருடையில், எங்கோ பார்த்துக்கொண்டு. சென்சர் என்னும் வெளிப் பரீட்சகர், தாடிக்கார மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு சட்டம் சட்டம்தான் என்பதுபோல் பின்வரிசைக் கதிரைகளைக் காட்டினார்.

“வினாகிரியைச் சோடியம் ஐதரொட்சைட்டோடு நியமிக்கிறீர்கள். முடிவை நிறத்தால் காட்ட எந்தக் காட்டியைப் போடுவீர்கள்?” என்று அவர் கேட்டார்.

“மெதைல் ஒரேஞ்ச்.”

“ஏன்?”

“நிறம் வடிவாகத் தெரியும்.”

டேனிஷ் பாதி விளங்காத அண்ணைமார் மூவரும் பலமாகத் தலையாட்டினார்கள். அப்போது பின்னால் சூள்கொட்டும் சத்தம் ஒன்று கேட்டது. திரும்பினேன். அம்மா எழுந்து நின்றார்.

“விசரி! வினாகிரி மென்னமிலம். மற்றது வன்காரம். முடிவு பிஎச் ஏழுக்கு மேலதான் வரும். பினோத்தலீன் எல்லோ போடோணும்! மெதைல் ஒரேஞ்ச் நாலிலயே நிறம் மாறிப்போடும். இது தெரியாமலோ நீ யூனிவர்சிற்றிக் கெமி எடுத்தனி?”

அண்ணைமார் கைதட்டினார்கள். ஒருவர் கொடியையும் ஆட்டினார். அப்பா மட்டும் தட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

“அவர் பினோத்தலீன் என்றாரா?” என்றார் சென்சர். ஓம் என்றேன். “மிச்சத்தையும் சொல்லுங்கள்.” முழுவதையும் டேனிஷில் மொழிபெயர்த்தேன், முதல் சொல்லை விட்டுவிட்டு. “முற்றிலும் சரி. ஆனால் இது அவருடைய பதில். பார்வையாளர்கள் இனிப் பேசக்கூடாது” என்றார். வேறொரு கேள்வி தந்தார். தவண்டு தவண்டு கரையேறினேன். கிடைத்தது 02. அதற்குக் கீழே போனால் பெயில்.

வெளியே வந்து சென்சர் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் உயர்தரம், இரசாயனவியலில் ஏ, பல்கலைக்கழகத்துக்கு இடமும் கிடைத்தது, போகமுதல் நாட்டைவிட்டு வெளிக்கிடவேண்டி வந்தது என்று அம்மா நிதானமாகச் சொன்னார். எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது. நான் ஒருநாளும் கேட்டதில்லை. இருபது வருடத்துக்குமேல் புத்தகத்தைத் தொடாதவர், கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டிவிட்டு வந்த களைப்போடு, மனதிலிருந்து அதைச் சொன்னார். அன்றைக்கு அந்த அறையில் மேதை ஒருவர் இருந்தது உண்மை. அது நானில்லை.

ஆர்ஹுஸிலிருந்து வீட்டுக்கு ஒரு மணித்தியால ஓட்டம். காரில் ஏறியதிலிருந்து அம்மா என்னை ஏசினார். அமிலத்தில் தொடங்கி, என் அறையின் குப்பை, என் தலைமயிர், தமிழ் பேசாத வாய் என்று ஒன்றையும் விடவில்லை. லொறிகளெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின. இக்காஸ்டுக்குத் திரும்பும் பாதையும் வந்தது, போனது.

“அப்பா, எங்கட எக்சிற் போட்டுது!”

“தெரியும். நீ கொம்மா சொல்றதைக் கேள்.”

அடுத்த ஊரான ஹெர்னிங்வரை போய்த்தான் திரும்பினோம்.

இரசாயனவியலின் நன்மை கருதி நான் கணக்காளரானேன். ஆனாலும் எங்கள் வீட்டில் எனக்கு இன்னும் ஒரு இரசாயன வேலை இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் அம்மா கொஞ்சம் அடங்கிப்போவார். அப்போது அப்பாவிடமிருந்து அழைப்பு வரும்.

“பிள்ளை, கொம்மா கதைக்கிறா இல்லை. ஸ்பீக்கரில போடுறன். கெதியா ஏதாவது பிழையாச் சொல்லு.”

“அம்மா, கறியுப்பு ஒரு அமிலம்தானே?”

 அந்தப் பக்கம் அம்மா கதிரையை இழுத்துப்போட்டு இருக்கும் சத்தம் கேட்கும். நானும் என் கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொள்வேன்.