காலிலிருந்து இடுப்புக்கு ஏறிய ஜிப்

காலையிலிருந்து பொத்தான் கடைக்கு வந்தது ஒரே ஓர் ஆள். அவரும் எதிர்க்கடை எப்போது திறக்கும் என்று கேட்கத்தான் வந்தார்.

எதிர்க்கடை ஜிப் கடை; ஜிப் வைத்த கோட்டுகளும் அங்கே கிடைக்கும். அங்கே மொய்க்கும் கூட்டத்தைப் பார்த்தாலே பொத்தான்காரருக்கு வயிறு எரியும். அதைவிடப் பெரிய எரிச்சல், மத்தியானம் சாப்பாடு கொண்டுவரும் மனைவி அங்கேயும் ஒரு நடை போய்வருவது.

"அந்தத் தடியன் கடையில உனக்கென்ன வேலை?" என்று நேற்றே கேட்டுவிட்டார்.

"சும்மா ஒரு பார்வை பார்த்துட்டு வரேங்க."

"அவன் பல்லைக் காட்டுறான். நீயும் சிரிக்கிற!"

"வியாபாரம் நல்லா நடந்தா யாருக்கும் சிரிப்பு வரும். நம்ம கடையிலயும் ஜிப் வைக்கலாம்னு அப்பவே சொன்னேன்."

"பொத்தான் வித்த கையால ஜிப்பைத் தொடமாட்டேன்!"

"சரி, நீங்க தொட வேணாம்."

இன்று வழி தவறி வந்த ஆளையாவது விடக்கூடாது. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க சார். ஜிப்போட பூர்வீகம் தெரியுமா? குனிஞ்சு கயிறு கட்டச் சோம்பல்பட்டு, முதல்ல ஷூவுக்குத்தான் கண்டுபிடிச்சாங்க. கண்காட்சியில வச்சும் யாரும் சீண்டல. நடக்கும்போதே பிளந்துக்கும்! அப்புறம் புகையிலைப் பையில ஒட்டிக்கிச்சு. அங்கிருந்து மெல்லக் கால்சட்டைக்கு ஏறிடுச்சு. காலடியில கிடக்க வேண்டியதை இடுப்புல வச்சா மானம் நிக்குமா?"

ஆள் வாயைப் பிளந்து கேட்டார். "அத்தனை வருஷம் திருத்தித் திருத்திச் செஞ்சதா? அப்ப நயமான சரக்குதான்" என்று எழுந்து, அதற்குள் திறந்துவிட்ட எதிர்க்கடைக்கு நேராகத் தெருவைத் தாண்டினார்.

பேச்சு எடுபடவில்லை. செயலில் இறங்கினார் பொத்தான்காரர். ஆள்விட்டு எதிர்க்கடையிலிருந்து ஒரு ஜிப் கோட்டு வாங்கிவரச் செய்தார். கழுத்துவரை ஏற்றினார். அந்தக் கூட்டத்தின் நடுவில் போய், மூச்சை இழுத்துத் தொப்பையை ஓர் உந்து உந்தினால் ஜிப் தெறிக்க வேண்டும். தடியன் மானம் போக வேண்டும்.

போனார். உந்தினார். பொத்தானாயிருந்தால் தெறித்திருக்கும். ஜிப் அசையவில்லை.

கடுப்பில் ஜிப்பின் ரன்னரைப் பிடித்து மேலே ஓர் இழுப்பு இழுத்தார். அது தாடியைக் கவ்விக்கொண்டது. தலைவழியாகக் கழற்றப் பார்த்தார். இரண்டு கையும் மேலே மாட்டிக்கொள்ள, தலையில்லாத கோட்டு ஒன்று நடுத்தெருவில் சுற்றிச் சுற்றி அலறியது.

"அண்ணே, ஆடாம நில்லுங்க. பல்லுல முடி சிக்கியிருக்கு."

தடியனின் குரல்! செத்தாலும் தேவலை என்றிருந்தது. ஆனால் தாடி வலித்தது. நின்றார். கோட்டைக் கீழே இறக்கிவிட்டு, ஜிப்பின் பல்லில் மெழுகுவர்த்தியை இரண்டு தேய்ப்புத் தேய்த்தான் அவன். சர்ரென்று இறங்கியது. ஒரு முடிகூட உதிரவில்லை.

கூட்டம் கைதட்டியது. "எனக்கும் அதே கோட்டு!" "எனக்கு ரெண்டு!"

கூட்டத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு மனைவியும் நின்றிருந்தாள். அதே சிரிப்பு. அவள் கண்ணெதிரிலேயே அவனிடம் போய் இப்படித் தோற்றோமே என்று பொத்தான்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"என்னடா கூலி? சொல்லித் தொலை!" என்றார்.

ஜிப்காரன் தயங்கினான். மெழுகுக் கையைத் துடைத்துக்கொண்டு பொத்தான்காரரின் மனைவி பக்கம் பணிவாகத் திரும்பினான்.

"முதலாளியம்மா, நம்ம ஐயாகிட்டயும் வாங்கணுமா?"